பாலித் தீவின் சடங்குகளும் சுற்றுலாவும்

முன்னுரை

இந்தோனேசியாவின் பாலித் தீவைப் பற்றிய எந்தப் படத்தொகுப்பைத் திறந்தாலும் ஒரு காட்சி தவறாமல் இருக்கும். பொழுது சாயும் நேரத்தில், இடுப்பில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட துணி உடுத்திய ஆண்கள் வட்ட வட்டமாக அமர்ந்திருப்பார்கள். கைகளை உயர்த்தி 'சக், சக், சக்' என்று ஒலியெழுப்புவார்கள். நடுவே ஒரு விளக்கு எரியும். அதைச் சுற்றி இராமாயணக் கதை நடக்கும். இது 'கெச்சாக்' எனப்படும் ஆட்டம். பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இதனை மிகப் பழைய சமயச் சடங்கு என்று எண்ணுகிறார்கள். ஆனால் இன்று நாம் காணும் கெச்சாக், 1930களில் வெளிநாட்டுப் பார்வையாளர்களை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது.

அப்படியானால் அது போலியா? இந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற முடியாது. சுற்றுலா வந்தால் சடங்குகள் அழியும் என்பது ஒரு சாரார் கருத்து. சுற்றுலா தரும் வருமானமே சடங்குகளைக் காப்பாற்றுகிறது என்பது மறுசாரார் கருத்து. பாலியின் நூறாண்டு வரலாறு இரு தரப்புக்கும் சில சான்றுகளைத் தருகிறது. இரு தரப்பையும் முழுமையாக ஏற்க விடுவதில்லை. தெய்வத்துக்கு உரியது எது, விருந்தினருக்குக் காட்டத் தக்கது எது என்று பாலி மக்கள் எவ்வாறு பிரித்தார்கள், அந்தப் பிரிவினை எங்கே பயன்பட்டது, எங்கே பயன்படவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பாலியின் சடங்கு வாழ்வு

பாலி ஏறத்தாழ 5,780 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் சுமார் 43 இலட்சம் பேர். இந்தோனேசியாவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையினர். பாலியிலோ பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்துக்கள். அவர்களுடைய சமயத்தில் இந்தியாவிலிருந்து சென்ற சைவ, பௌத்தக் கூறுகளும், முன்னோர் வழிபாடும், தீவுக்கே உரிய மலை, கடல், நீர் பற்றிய நம்பிக்கைகளும் கலந்துள்ளன.

ஒவ்வொரு மரபார்ந்த ஊருக்கும் பொதுவாக மூன்று கோயில்கள் உண்டு. ஊர் தோன்றியதை நினைவுகூரும் கோயில் ஒன்று, ஊர்ப் பொதுக்கோயில் ஒன்று, இறந்தோருடன் தொடர்புடைய கோயில் ஒன்று. பெரும்பாலான கோயில்களில் 210 நாட்களுக்கு ஒருமுறை 'ஓடாலன்' எனப்படும் திருவிழா நடைபெறும். இதற்கான உழைப்பையும் செலவையும் 'பஞ்சார்' என்னும் ஊர்ப்பகுதிக் கூட்டமைப்பினர் பகிர்ந்துகொள்வர். பெண்கள் தென்னங்குருத்தில் படையல் தட்டுகள் பின்னுவர். ஆண்கள் பந்தல் அமைப்பர், விருந்து சமைப்பர். 'கம்லான்' என்னும் வெண்கல இசைக்கருவித் தொகுதியை ஊர்க்குழுவே வாசிக்கும்.

கோயிலின் அமைப்பையும் இங்கே அறிந்துகொள்ள வேண்டும். அது பொதுவாக மூன்று முற்றங்களைக் கொண்டது. உள்முற்றம் மிகப் புனிதமானது. நடுமுற்றம் ஆயத்தங்களுக்கு உரியது. வெளிமுற்றத்தில் கடைகளும் கேளிக்கைகளும் நடக்கும். ஆட்டங்கள் மூன்று முற்றங்களிலும் உண்டு. ஆட்டத்தைக் காண்போர் மனிதர் மட்டுமே என்று பாலி மக்கள் கருதுவதில்லை. கண்ணுக்குப் புலப்படும் உலகை 'செக்காலா' என்றும், புலப்படாத உலகை 'நிஸ்காலா' என்றும் அவர்கள் அழைக்கின்றனர். கோயில் ஆட்டத்தின் முதன்மைப் பார்வையாளர்கள் நிஸ்காலாவைச் சேர்ந்த தெய்வங்களும் முன்னோருமே. மனிதர் ஒருவரும் நின்று பார்க்காவிட்டாலும் அந்த ஆட்டம் நிறைவுபெற்றதாகவே கொள்ளப்படும். சுற்றுலா ஏற்படுத்திய சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பணம் கொடுத்து முன்வரிசையில் அமரும் ஒரு புதிய பார்வையாளர், ஆட்டம் யாருக்காக என்ற கேள்வியைக் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

டச்சு ஆட்சியும் முதல் பயணிகளும்

பாலியின் வடபகுதியை டச்சுக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே கைப்பற்றினர். தெற்கிலிருந்த அரசுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நிலைத்திருந்தன. 1906 செப்டம்பரில் டச்சுப் படை பாடுங் அரசைத் தாக்கியது. மன்னரும் அவருடைய குடும்பத்தினரும் வெண்ணிற ஆடை உடுத்தி, படையின் துப்பாக்கிகளை நோக்கி நடந்து சென்று உயிர்விட்டனர். 'புபுத்தான்' எனப்படும் இந்த இறுதிப் போர், 1908இல் குளுங்குங் அரசிலும் நிகழ்ந்தது.

இந்த இரத்தக்களரி ஐரோப்பாவில் கண்டனத்துக்கு உள்ளானது. அதன்பின் டச்சு அரசு, பாலியின் பண்பாட்டைப் பாதுகாக்கும் காவலனாகத் தன்னைக் காட்டிக்கொள்ள முற்பட்டது. தீவை ஓர் உயிருள்ள அருங்காட்சியகம் போல வைத்திருக்க வேண்டும் என்ற கொள்கை உருவானது. சுற்றுலாவும் அதே காலத்தில் வளர்ந்தது. 1920களில் டச்சுக் கப்பல் நிறுவனத்தின் நீராவிக் கப்பல்கள் வடபாலித் துறைக்குப் பயணிகளைத் தவறாமல் ஏற்றி வந்தன. 1928இல் தென்பசாரில் 'பாலி ஹோட்டல்' திறக்கப்பட்டது. விடுதி விருந்தினருக்காக அங்கே நடன நிகழ்ச்சிகள் ஏற்பாடு செய்யப்பட்டன. விடிய விடிய நடக்கும் ஆட்டங்களை உணவு வேளைக்குப் பொருந்துமாறு சுருக்கும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

கலைஞர்களும் அறிஞர்களும் வந்தனர். இரவீந்திரநாத் தாகூர் 1927இல் பாலிக்கு வந்து ஓர் அரச குடும்பத்தின் தகனச் சடங்கைக் கண்டார். செருமானிய ஓவியர் வால்டர் ஸ்பீஸ் அதே ஆண்டில் உபுதில் குடியேறினார். 1931இல் பாரிசில் நடந்த குடியேற்ற நாடுகளின் கண்காட்சியில் பாலி நடனக் குழு ஆடியது. அதைக் கண்ட பிரெஞ்சு நாடகாசிரியர் அந்தோனின் ஆர்த்தோ, நாடகம் பற்றிய தம் சிந்தனையையே மாற்றிக்கொண்டார். பாலியின் சடங்கு உலகுக்குத் தெரிந்த காட்சியாகியது.

சங்யாங்கிலிருந்து கெச்சாக்

'சங்யாங் டெடாரி' என்பது பாலியின் பழைய சடங்குகளில் ஒன்று. 'டெடாரி' என்னும் சொல் வித்யாதரி என்ற வடசொல்லின் திரிபு. ஊரில் கொள்ளைநோய் பரவும்போதும், தீய சக்திகளின் தாக்கம் இருப்பதாகக் கருதப்படும்போதும் இச்சடங்கை நடத்துவர். பருவமடையாத சிறுமியர் இருவரை நறும்புகை முன் அமர்த்தி, பெண்கள் பாடுவர். ஆண்கள் 'சக்' என்ற ஒலியால் தாளம் கூட்டுவர். சிறுமியர் மீது தெய்வமகளிர் இறங்கியதும் அவர்கள் கண்மூடியபடி ஆடத் தொடங்குவர். அருள் இறங்கிய அவர்களால் ஊரின் கேடு நீங்கும் என்பது நம்பிக்கை.

1930களின் தொடக்கத்தில், இந்தச் சடங்கிலிருந்த ஆண்களின் குரல்தாளம் மட்டும் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. பெடுலு ஊரைச் சேர்ந்த நடனக் கலைஞர் வாயான் லிம்பாக்கின் பெயரும், வால்டர் ஸ்பீசின் பெயரும் இம்முயற்சியோடு இணைத்துப் பேசப்படுகின்றன. குரல்தாளத்தோடு இராமாயணக் காட்சி சேர்க்கப்பட்டது. குரலெழுப்பிய ஆண்கள் வானரப் படையாயினர். 1933இல் வெளியான 'பேய்களின் தீவு' என்னும் செருமானியத் திரைப்படத்தின் உருவாக்கத்தில் ஸ்பீஸ் பங்குகொண்டார். இப்புதிய ஆட்டத்தின் புகழ் பரவ அப்படமும் உதவியது.

இம்மாற்றத்தில் சேர்ந்தவற்றையும் விடுபட்டவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சேர்ந்தவை: உலகம் அறிந்த ஒரு கதை, ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் அமைப்பு, பார்வையாளரை நோக்கிய அமர்வு. விடுபட்டவை: நோய் என்னும் காரணம், சிறுமியர், அருள் இறங்குதல். நோய் வந்தால் மட்டும் நடந்த ஒன்று, பயணி வந்தால் நடப்பதாக மாறியது. ஆயினும் மூலச் சடங்கு அப்படியே தூக்கி மேடையில் வைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் ஓர் இழையை எடுத்து வேறு துணி நெய்தார்கள். சடங்கு ஊருக்குள் தங்கியது. பின்னாளில்தான் சிக்கல் கூடியது. உபுதிலும் பிற இடங்களிலும் கெச்சாக் நிகழ்ச்சியோடு சங்யாங் என்ற பெயரிலேயே ஆட்டங்கள் சேர்க்கப்பட்டன. தேங்காய் மட்டைத் தணலில் குதிரை வடிவம் ஏந்தி நடக்கும் ஆட்டமும் அவற்றுள் ஒன்று. கோயிலில் நடப்பதற்கும் மேடையில் நடப்பதற்கும் ஒரே பெயர் வழங்கத் தொடங்கியது.

பாரோங்: ஊர்க்காவலும் காலை ஆட்டமும்

பாரோங் என்பது சிங்கத்தை ஒத்த உருவம். உள்ளே இருவர் நின்று ஆட்டுவர். இது ஊரைக் காக்கும் சக்தி. இதற்கு எதிர்நிலையில் நிற்பவள் ராங்டா. நீண்ட நாக்கும் கோரைப் பற்களும் கொண்ட இவள் கைம்பெண் சூனியக்காரி வடிவினள். துர்க்கையோடும் இவளைத் தொடர்புபடுத்துவர். இருவருக்கும் நடக்கும் மோதலில் வெற்றி தோல்வி கிடையாது. நன்மையும் தீமையும் சமன்பட வேண்டும் என்பதே அதன் கருத்து. மோதலின் உச்சத்தில், அருள் வந்த ஆண்கள் 'கிரிஸ்' என்னும் குத்துவாளைத் தங்கள் மார்பிலேயே ஊன்றுவர். காயம் படுவதில்லை என்பர். புனிதமாக்கப்பட்ட முகமூடிகள் வெண்துணியில் சுற்றிக் கோயிலில் வைத்துப் பூசிக்கப்படுகின்றன.

தென்பசாருக்கும் உபுதுக்கும் இடையிலுள்ள பத்துபுலானில் பாரோங் ஆட்டம் பயணிகளுக்காகக் காலை வேளைகளில் நடத்தப்படுகிறது. மூலச் சடங்கோ நள்ளிரவைத் தாண்டி நடப்பது. காலை ஆட்டம் சுமார் ஒரு மணி நேரத்தில் முடியும். நகைச்சுவைப் பகுதிகள் அதிகம். குத்துவாள் ஆட்டமும் இடம்பெறும்.

இங்கே எழுந்த கேள்வி முகமூடி பற்றியது. பூசைக்குரிய முகமூடியைக் கட்டணக் காட்சிக்குக் கொண்டுவரலாமா? காட்சிக்கென வேறு முகமூடி செய்துகொள்வது என்பது பல குழுக்கள் கண்ட விடை. ஆனாலும் மேடையில் ஏறுமுன் படையல் வைப்பதையும் தீர்த்தம் தெளிப்பதையும் ஆட்டக்காரர்கள் விடவில்லை. ராங்டாவின் முகத்தை அணிபவர் எந்த இடத்தில் ஆடினாலும் ஆபத்தை எதிர்கொள்பவர் என்பது அவர்களின் எண்ணம். பயணிக்கு அது நாடகம். ஆடுபவருக்கு அது முழு நாடகமாக ஒருபோதும் ஆகவில்லை.

இதை மாற்றியவர்கள் பயணிகள் மட்டுமல்லர். மானிடவியலாளர்களான மார்கரெட் மீடும் கிரிகரி பேட்சனும் 1930களின் பிற்பகுதியில் பாலியில் ஆய்வு செய்தனர். அருள் வந்து ஆடும் குத்துவாள் ஆட்டத்தை அவர்கள் திரைப்படமாக்கினர். வழக்கமாக இரவில் நடக்கும் அந்த ஆட்டம், ஒளிப்படக் கருவிக்கு வெளிச்சம் தேவை என்பதால் பகலில் நடத்தப்பட்டது. உள்ளதை உள்ளபடி பதிவுசெய்ய வந்தவர்களின் கருவியும் சடங்கின் நேரத்தை மாற்றியது.

பெண்டெட்: தெய்வ வரவேற்பும் விருந்தினர் வரவேற்பும்

பெண்டெட் என்பது கோயிலுக்கு எழுந்தருளும் தெய்வங்களை வரவேற்கும் பெண்களின் ஆட்டம். கையில் பூத்தட்டு ஏந்தி, பூக்களைத் தூவி ஆடுவர். இதற்கென நீண்ட பயிற்சி தேவையில்லை; ஊர்ப் பெண்கள் மூத்தோரைப் பார்த்துக் கற்றுக்கொள்வர்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வாட்டத்தின் செம்மைப்படுத்திய வடிவம் ஒன்று மேடைக்கு வந்தது. தெய்வங்கள் மீது தூவிய பூ, விருந்தினர் மீது தூவப்பட்டது. 1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழாவில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நேரத்தில் பெண்டெட் ஆடினர்.

தெய்வத்துக்குச் செய்யும் அதே மரியாதையைச் சுற்றுலாப் பயணிக்கும் செய்வது முறையா என்ற வருத்தம் சமயப் பெரியோரிடையே எழுந்தது. அதற்குத் தீர்வாக 1960களின் இறுதியில் 'பன்யெம்பிராமா' என்ற புதிய வரவேற்பு நடனம் அமைக்கப்பட்டது. அதனை அமைத்தவர் வாயான் பெராத்தா. விருந்தினருக்குப் பன்யெம்பிராமா, தெய்வத்துக்குப் பெண்டெட் என்று பிரித்தாயிற்று.

ஆனால் நடந்தது வேறு. கலைப்பள்ளிகளில் பன்யெம்பிராமா கற்ற பெண்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். கோயில் திருவிழா வந்தபோது, தாங்கள் கற்றவற்றுள் அழகானதைத் தெய்வத்துக்குப் படைக்க விரும்பினர். பயணிகளுக்கென உருவாக்கிய ஆட்டம் இவ்வாறு கோயிலுக்குள் நுழைந்தது. கோயிலிலிருந்து விடுதிக்குச் சென்ற ஆட்டத்தைத் திரும்பப் பெறுவதற்காகச் செய்த புது ஆட்டமே விடுதியிலிருந்து கோயிலுக்கு வந்துசேர்ந்தது. மேடைக்குச் செல்வதெல்லாம் புனிதம் இழக்கும் என்ற எளிய கருத்தை இந்நிகழ்வு மறுக்கிறது. ஓர் ஆட்டம் எங்கே பிறந்தது என்பதைவிட, இப்போது யாருக்குப் படைக்கப்படுகிறது என்பதே பாலி மக்களுக்கு முக்கியமாக இருந்தது.

1971ஆம் ஆண்டுக் கருத்தரங்கு

இந்தோனேசியா விடுதலை பெற்றபின் சுற்றுலா பெரிய அளவில் வளர்ந்தது. 1966இல் சானூர் கடற்கரையில் பத்து மாடி கொண்ட பாலி பீச் ஹோட்டல் திறக்கப்பட்டது. அக்கட்டடத்தின் உயரம் கண்டு எழுந்த எதிர்ப்பால், தென்னை மரத்தைவிட உயர்ந்த கட்டடம் கூடாது என்னும் பொருளில் 15 மீட்டர் வரம்பு பின்னர் விதிக்கப்பட்டது. 1969இல் விமான நிலையம் பன்னாட்டு ஜெட் விமானங்களுக்கு ஏற்றதாகியது. பயணிகளைத் தெற்கிலுள்ள நுசா துவா பகுதியில் குவித்துத் தங்கவைக்கும் பெருந்திட்டம் ஒன்று 1971இல் உருவானது.

அதே 1971இல் தென்பசாரில் ஒரு கருத்தரங்கு கூடியது. சமயத் தலைவர்களும் கலைஞர்களும் அதிகாரிகளும் கலந்துகொண்டனர். எந்த நடனம் புனிதமானது, எது புனிதம் சாராதது என்று வரையறுப்பதே நோக்கம். இவ்விரு கருத்துகளையும் எதிரெதிராக நிறுத்தும் சொற்கள் பாலி மொழியில் இல்லை. கருத்தரங்கின் தலைப்பிலேயே ஐரோப்பியச் சொற்களைத்தான் கையாள வேண்டியிருந்தது. இறுதியில் கோயிலின் மூன்று முற்றங்களை அடிப்படையாகக் கொண்டு மூன்று வகைகள் வகுக்கப்பட்டன.

1. வாலி: உள்முற்றத்தில், சடங்கின் பகுதியாகவே நிகழ்த்தப்படுபவை. (இராமாயண வாலிக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பில்லை.)

2. பெபாலி: நடுமுற்றத்தில், சடங்குக்குத் துணையாக நிகழ்த்தப்படுபவை. இவற்றில் கதை உண்டு.

3. பாலிஹ்-பாலிஹான்: வெளிமுற்றத்தில், பார்த்து மகிழ்வதற்காக நிகழ்த்தப்படுபவை.

முதலிரண்டு பெயர்களும் படையல் என்னும் பொருள் தருவன. மூன்றாவது, 'பாலிஹ்' அதாவது 'பார்த்தல்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. படைப்பதற்கும் பார்ப்பதற்கும் இடையே கோடு கிழிக்கப்பட்டது. மூன்றாம் வகையை மட்டுமே பயணிகளுக்குக் காட்டலாம் என்பது கருத்தரங்கின் எண்ணம். 1974இல் பாலி மாகாணம் 'பண்பாட்டுச் சுற்றுலா' என்பதைத் தன் கொள்கையாகச் சட்டமாக்கியது.

இந்தக் கோட்டை நடைமுறையில் காப்பது எளிதாக இல்லை. பாரோங் எந்த வகை? கோயிலில் ஆடும்போது ஒன்று, பத்துபுலானில் ஆடும்போது மற்றொன்று. இருந்தும் இவ்வகைப்பாடு நிலைத்துவிட்டது. 2015இல் யுனெஸ்கோ, பாலியின் மூவகை மரபு நடனங்களை மானுடத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, இதே மூன்று பெயர்களையே பயன்படுத்தியது. வகைக்கு மூன்றாக ஒன்பது நடனங்கள் அதில் இடம்பெற்றன. சங்யாங் டெடாரி வாலி வகையிலும், பாரோங்கின் ஒரு வடிவம் பாலிஹ்-பாலிஹான் வகையிலும் உள்ளன. பயணிகளின் வருகையைச் சமாளிக்க வகுத்த பிரிவு, ஐம்பது ஆண்டுகளுக்குள் மரபின் இலக்கணமாகவே மாறிவிட்டது. 2019இல் மாகாண ஆளுநரும் சமய, ஊர் மன்றங்களும் கலை நிறுவனங்களும் சேர்ந்து, புனித நடனங்களைச் சடங்குக்கு வெளியே ஆடக் கூடாது என்று கூட்டு ஆணை வெளியிட்டனர். ஓர் ஆணையைத் திரும்பவும் பிறப்பிக்க வேண்டிய தேவை ஏற்பட்டதே, கோடு அடிக்கடி மீறப்படுகிறது என்பதற்குச் சான்று.

வருமானமும் ஊர்க்குழுக்களும்

நடனக் குழுக்கள் பல, தனியார் நிறுவனங்களாக இல்லாமல் ஊர்ச் சங்கங்களாக இயங்குகின்றன. 'செக்கா' எனப்படும் இச்சங்கங்களுக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பகுதி கோயில் திருப்பணிக்கும், இசைக்கருவிகள் வாங்குவதற்கும், ஆடை அணிகளுக்கும் செல்கிறது. பயணிகளுக்காக ஆடி ஈட்டிய பொருளால் தெய்வத்துக்கு இன்னும் சிறப்பாக ஆட முடிகிறது. 1970களில் பாலியை ஆய்ந்த சிலர், சுற்றுலா மரபை வலுப்படுத்துகிறது என்று கூறியது இதனால்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நிகழ்ச்சிக் கட்டணத்தில் பெரும்பங்கு பயண முகவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் போய்விடுவதும், ஆடுபவருக்குக் கிடைப்பது சொற்பமாக இருப்பதும் நெடுநாளைய குறை. ஊர் தானே நடத்தும் இடத்தில் ஆட்டக்காரருக்குப் பேரம் பேசும் வலு இருக்கிறது. விடுதியின் அழைப்பை நம்பி இருக்கும் இடத்தில் அந்த வலு இல்லை.

தகனச் சடங்கு காட்சியாதல்

'ஙாபேன்' எனப்படும் தகனச் சடங்கு பாலியின் மிகப் பெரிய குடும்பச் சடங்கு. உயிரை உடலின் பற்றிலிருந்து விடுவிப்பதே அதன் நோக்கம். செலவு மிகுதி என்பதால் பலர் இறந்தவரை முதலில் புதைத்துவைத்து, பின்னர் ஊரோடு சேர்ந்து கூட்டாகத் தகனம் செய்வர். 2008 ஜூலையில் உபுத் அரச குடும்பத் தலைவரின் தகனம் நடந்தபோது, சுமார் 28 மீட்டர் உயரமுள்ள கோபுரம் ஊர்வலமாகத் தூக்கிச் செல்லப்பட்டது. அன்றே அறுபதுக்கும் மேற்பட்ட எளிய குடும்பத்தினரின் முன்னோரும் தகனம் செய்யப்பட்டனர். உலகெங்கிலுமிருந்து செய்தியாளர்களும் பயணிகளும் கூடினர்.

பாலியில் ஙாபேன் ஆரவாரமாகவே நடப்பது. கூட்டம் வருவது குடும்பத்துக்குப் பெருமை. ஆகவே பயணிகள் நின்று பார்ப்பதைப் பெரும்பாலான குடும்பங்கள் தடுப்பதில்லை. இடுப்பில் துணி கட்டி, ஒதுங்கி நிற்பவரை வரவேற்கவும் செய்வர். வருத்தம் எழுவது சடங்கை மறித்துப் படம் எடுக்கும்போதும், அரைகுறை ஆடையில் வரும்போதும்தான். ஆனால் சுற்றுலா அட்டவணையில் 'இன்று ஒரு தகனம்' என்று விற்கப்படும்போது, குடும்பத்தின் துக்கத்தை வைத்துக் குடும்பத்துக்குத் தொடர்பில்லாத ஒருவர் பணம் ஈட்டுகிறார். இங்கே அனுமதி கேட்கப்படவில்லை என்பதே குறை.

கோடு கிழிக்கப்படாத இடங்கள்: நிலம், நீர், நேரம்

மேடைக்கு எது ஏறலாம் என்று நூறாண்டாக விவாதம் நடந்தது. அதற்கிடையே, மேடையோடு தொடர்பில்லாத சடங்குகள் ஓசையின்றிப் பாதிக்கப்பட்டன.

பாலியின் நெல் வேளாண்மை 'சுபாக்' என்னும் நீர்ப்பாசன அமைப்பால் நடைபெறுகிறது. ஒரே கால்வாயில் நீர் பெறும் உழவர்கள் ஒரு சுபாக்கைச் சேர்ந்தவர்கள். வாய்க்கால் பிரியும் இடங்களில் கோயில்கள் உண்டு. நீர் திறப்பு, நாற்று நடவு, கதிர் முற்றுதல், அறுவடை என ஒவ்வொரு கட்டத்திலும் நெல் தெய்வமான தேவி ஸ்ரீக்குப் படையல் உண்டு. இச்சடங்கு நாட்காட்டியே எந்த வயலுக்கு எப்போது நீர் என்பதையும் ஒழுங்குபடுத்துகிறது என்பதை மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் விரிவாக ஆராய்ந்து காட்டினார். 2012இல் சுபாக் நிலப்பரப்பு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

வயல் விற்கப்பட்டு விடுதியாகும்போது, அந்த வயலுக்குரிய படையலும் நின்றுபோகிறது. இதை எந்தக் கருத்தரங்கும் தடை செய்யவோ அனுமதிக்கவோ முடியாது. சுபாக்கில் உறுப்பினர் குறையும்போது, மீதமுள்ளவர்கள் மீது கோயில் செலவும் வாய்க்கால் வேலையும் கூடுதலாக விழுகின்றன. விடுதிகளின் நீர்த் தேவையும் வயலின் நீர்த் தேவையோடு போட்டியிடுகிறது. பச்சை வயலைக் காணவே பயணி வருகிறார். அவர் தங்கும் அறைக்காக அந்த வயலே குறைகிறது.

நேரமும் அப்படித்தான். விடுதியில் பணிபுரியும் பெண்ணுக்குத் திருவிழாவுக்கு முந்தைய பத்து நாளும் உட்கார்ந்து படையல் பின்ன விடுமுறை கிடைக்காது. எனவே ஆயத்தப் படையல்களைச் சந்தையில் வாங்குவது பெருகியுள்ளது. தென்னங்குருத்தின் ஒரு பகுதி கிழக்கு ஜாவாவிலிருந்து வருகிறது. படையல் நின்றுவிடவில்லை. ஆனால் தாயும் மகளும் அண்டை வீட்டாரும் கூடியிருந்து பின்னும்போது கைமாறிய அறிவு, விலைக்கு வாங்கும்போது கைமாறுவதில்லை.

நியெப்பி: பயணியும் அடங்கும் நாள்

சடங்குக்குப் பயணி பணிந்துபோகும் எடுத்துக்காட்டும் பாலியில் உண்டு. அது நியெப்பி எனப்படும் சக ஆண்டுப் பிறப்பு. கி.பி. 78இல் தொடங்கும் சக ஆண்டுக் கணக்கு இந்தியாவிலிருந்து சென்றது. நம் அண்டை மாநிலங்களில் யுகாதி கொண்டாடப்படும் நாளை ஒட்டியே பெரும்பாலும் நியெப்பியும் வரும்.

அன்று தீ மூட்டக் கூடாது, வேலை செய்யக் கூடாது, வெளியே செல்லக் கூடாது, கேளிக்கை கூடாது. தீவு முழுவதும் 24 மணி நேரம் அமைதி காக்கும். விமான நிலையம் மூடப்படும். பயணிகள் விடுதியை விட்டு வெளியேற முடியாது. விளக்குகளும் மங்க வைக்கப்படும். 'பெச்சலாங்' எனப்படும் ஊர்க்காவலர் தெருக்களைக் கண்காணிப்பர். 2018 முதல் கைப்பேசி இணையமும் நிறுத்தப்படுகிறது. கோடிக்கணக்கில் வருமானம் தரும் தொழில் ஒரு நாள் முழுதும் நிற்கிறது. இதனால் தீவின் மதிப்பு குறையவில்லை; அந்த அமைதியை அனுபவிக்கவென்றே வருவோரும் உளர்.

நியெப்பிக்கு முந்தைய மாலை 'ஓகோ-ஓகோ' என்னும் பேருருவப் பொம்மைகளை ஊர்வலமாக எடுத்துச் செல்வர். இதையும் பழங்காலச் சடங்கு என்றே பலர் எண்ணுகின்றனர். 1983இல் நியெப்பி தேசிய விடுமுறையாக அறிவிக்கப்பட்டதை அடுத்து வந்த ஆண்டுகளில்தான் இது தீவெங்கும் பரவியது. பஞ்சார் இளைஞர்களே வாரக்கணக்கில் உழைத்து இவற்றைச் செய்கின்றனர். மரபு மாறுவதற்கு வெளியாரே எப்போதும் காரணம் அல்லர் என்பதற்கு இது சான்று.

அண்மைக் கால நிகழ்வுகள்

2002 அக்டோபர் 12 அன்று கூத்தாவில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் 202 பேர் இறந்தனர். ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் பெரும் தூய்மைச் சடங்கு நடத்தப்பட்டது. இறந்தோரில் பெரும்பாலோர் அயல்நாட்டினர். அவர்களின் உயிர்களுக்கும் அமைதி வேண்டிப் பாலி மக்கள் தங்கள் முறைப்படி சடங்கு செய்தனர்.

2019இல் பாலிக்கு நேரடியாக வந்த வெளிநாட்டுப் பயணிகள் 60 இலட்சத்துக்கும் மேல். கொரோனா பெருந்தொற்றால் 2021இல் அந்த எண்ணிக்கை நூறைக்கூட எட்டவில்லை. கெச்சாக் மேடைகள் வெறிச்சோடின. பலர் வேலையிழந்து வயலுக்கும் மீன்பிடிப்புக்கும் திரும்பினர். ஆனால் கோயில் சடங்குகள், ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டேனும் தொடர்ந்தன. சடங்கு எதைச் சார்ந்து நிற்கிறது, எதைச் சாராமல் நிற்கிறது என்பதை அந்த ஈராண்டு தெளிவாகக் காட்டியது.

பயணிகள் திரும்பியபின் கட்டுப்பாடுகளும் கூடின. 2023இல் மாகாண அரசு நடத்தை விதிகளை வெளியிட்டது. வழிபடுவோர் அல்லாதார் கோயிலின் உள்முற்றத்துக்குள் செல்லவும், புனித மரங்களில் ஏறவும் கூடாது என்பன அவற்றுள் சில. 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணியும் பண்பாட்டையும் சுற்றுச்சூழலையும் பேணுவதற்காக 1,50,000 ரூபியா செலுத்த வேண்டும்.

முடிவுரை

பாலியின் சடங்குகள் சுற்றுலாவால் அழிந்துவிடவில்லை, மாறாமலும் இல்லை. எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று ஊர்மக்களும் கலைஞர்களும் பெரியோரும் கூடிப் பேசிய இடங்களில், சடங்கு தன் இருப்பைக் காத்துக்கொண்டது. சில வேளைகளில் மேடையிலிருந்தே புதிய ஆட்டங்களையும் பெற்றுக்கொண்டது. நிலமும் நீரும் நேரமும் சந்தையின் போக்கில் விடப்பட்ட இடங்களில், யாரும் அறியாமல் சடங்கு குறைந்தது. பார்வையாளர் கூட்டத்தால் நேர்ந்ததைவிட, படையலுக்குரிய வயல் இல்லாமற்போனதால் நேர்ந்த இழப்பு பெரிது.

கெச்சாக்கைப் பார்த்துவிட்டு 'இது உண்மையான சடங்கா?' என்று கேட்பது பயணிக்கு இயல்பு. வரலாறு படிக்கும் மாணவர்கள் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாம். இதை ஆடலாம் என்று முடிவு செய்தவர் யார்? ஆடி முடித்தவர் வீடு திரும்பும்போது, அவர் ஊர்க் கோயிலுக்கு நீர் வரும் வாய்க்கால் இன்னும் ஓடுகிறதா? பாலிக்கு மட்டுமன்றி, திருவிழாவைக் காணப் பிறர் வரும் எந்த ஊருக்கும் இக்கேள்விகள் பொருந்தும்.